அட்டையில ஒரு கேட் ரூம்

“குனிஞ்சு பாருப்பா, அப்பதான் இன்ஜின்லருந்து பாக்கற மாதிரி இருக்கும்”னு சொன்னது நான்தான். சிரிச்சுக்கிட்டே வேற சொன்னேன். அப்பாவும் குனிஞ்சாரு, மேஜை விளிம்புல தாடைய வச்சு ஒரு கண்ண மூடிக்கிட்டு மேஜை மேல இருந்த மாடல் தண்டவாளத்து மட்டத்துக்கு பாத்தாரு, பசை இன்னும் காயல, அட்டைக் கூரைய ரெண்டு விரலால நான் புடிச்சிட்டிருந்தேன், எப்படிப்பா இருக்கு எப்படிப்பா இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், மூடியிருந்த கண்ணும் தொறந்துச்சு, அப்பறம் மெதுவா நிமிந்தாரு, உள்ள போயி லுங்கிய மாத்தி பேண்ட் போட்டாரு, சட்ட போட்டாரு, செருப்ப மாட்டுனாரு, போயிட்டாரு. அவ்ளோதான். சத்தம் போடல, கதவ அடிச்சு சாத்தல. டீ குடிக்கப் போறாருன்னுதான் நெனச்சேன், கூரை காயற வரைக்கும் கைய எடுக்கக்கூடாதேன்னு என் புத்தி பூரா அதுலயே இருந்துச்சு. ஒட்டுனதும் நானும் அதே எடத்துல தாடைய வச்சு பாத்தேன். சின்ன ரூம், வெளுத்துப்போன மஞ்ச செவுரு, சாய்ப்பா ஒரு கூரை, ரெண்டு ஜன்னல், ஜன்னல் கம்பி ஒவ்வொண்ணும் நூல் மாதிரி, அது அப்பா வெட்டுனது. வாசலுக்குப் பக்கத்துல செவுத்துல ஒரு போர்டு, அதுல அந்த ரயில்வே கேட்டோட நம்பர். அந்த நம்பர நான் இங்க டைப் பண்ண மாட்டேன். அந்த கேட்லதான் அப்பா ஓட்டிட்டு வந்த ரயில் வண்டியில ஒரு பையன் அடிபட்டு செத்துப்போனான், தீபாவளிக்கு முன்னாடி, அதுலருந்து அப்பா டூட்டிக்குப் போகல. திரும்பிப் பாத்தா அப்பாவோட போன் கத்தி பக்கத்துலயே கெடக்கு.

இப்ப நான் கடையில இருக்கேன், நஸ்ரீன் அக்காவோட ஜெராக்ஸ் கடை, ஜோலார்பேட்டை ஸ்டேஷனுக்குப் போற ரோட்டுல, மத்தியானத்துக்கு மேல என் ஷிஃப்ட்டு. உங்களுக்கெல்லாம் இன்னிக்கு ஐடியா லிஸ்ட் போடறேன்னு நம்ம அட்டை ஜங்ஷன் குரூப்ல நானே பெருசா சொல்லிட்டேன், அடுத்து எந்தெந்த கட்டடம் பண்ணலாம்னு, அதத்தான் டைப் பண்ண உக்காந்தேன், என்னமோ முதல் வரியே வேற மாதிரி வந்துடுச்சு, அழிக்கத் தோணல. புதுசா சேந்தவங்களுக்கு சொல்லிடறேன், நான் பெனிட்டா, மாடல் ரயிலுக்குப் பக்கத்துல நிக்க வைக்கற கட்டடங்கள கம்ப்யூட்டர்ல வரைஞ்சு குரூப்ல போடுவேன், நீங்க அத கெட்டி அட்டையில பிரிண்ட் எடுத்து, வெட்டி, மடிச்சு, ஒட்டணும், நெஜ கட்டடத்துல எண்பத்தேழுல ஒரு பங்கு சைஸ், ஒரு ஸ்டேஷனே ரெண்டு கையில அடங்கிடும். கடையில வாங்கற மாடல்ல எல்லாம் பனி ஊரு வீடுங்க, புகைபோக்கி வச்ச ஓட்டு வீடுங்க, நம்ம ஊரு ஸ்டேஷன் ஒண்ணு கூட கெடையாது, அந்தக் கடுப்புலதான் ஆரம்பிச்சேன். சரி ஐடியா. பார்சல் ஆபீஸ். இது கண்டிப்பா வேணும். மீன் வர்ற தெர்மாகோல் பொட்டி, சாக்கு சுத்துன பைக்கு, பூக்கூடை, எல்லாம் தனித்தனி சின்ன மடிப்பு, ஒரே ஏ ஃபோர்ல நாப்பது அடங்கும், தரையில ஐஸ் தண்ணி ஒழுகுன கறைய நான் பிரிண்ட்லயே குடுத்துடுவேன். இருங்க, ஒரு அம்மா ஆதார் ஜெராக்ஸ். நல்லா இல்லையாம். நஸ்ரீன் அக்கா அந்தத் தாள தூக்கி என் மூஞ்சிக்கு நேரா புடிச்சு, “பாதி மூஞ்சிதான்டி வந்திருக்கு, அந்தம்மாக்கு ஒரு காதுதானா?”ன்னு கேக்கறா. மறுபடி எடுத்துக் குடுத்தேன். அந்தம்மா ரெண்டு காதும் இருக்கான்னு பாத்துட்டுத்தான் போனாங்க. அப்பா எங்க போயிருப்பாரு. டீக்கடைன்னா இந்நேரம் வந்திருக்கணும், நான் கடைக்குக் கெளம்பற வரைக்கும் வரல, சாப்புடவும் வரல, தட்டு மேல தட்டு மூடி வச்சிட்டு வந்தேன்.

சைக்கிள் ஸ்டாண்டு. இது ஈஸி, மிக்ஸி, ஃபேன் வந்த பொட்டி இருக்கும்ல, அந்த அட்டைய தண்ணி தொட்டு உரிச்சா உள்ள நெளிநெளியா ஒரு தாள் வரும், அதுதான் தகரக் கூரை, அச்சு அசல், துரு கலர் மட்டும் டீத்தூள் தண்ணியில அடிக்கணும். அப்பாதான் உரிச்சாரு போன மாசம். கிழியாம உரிச்சாரு. அவரு எப்படி இதுல வந்தாருன்னா நான் கூப்புடல, சத்தியமா கூப்புடல. லீவு போட்டு வீட்ல இருந்தாரு, டாக்டர் கிட்ட போயிட்டு வந்தாரு, மாத்திரை சாப்புட்டாரு, டிவி ஓடும் ஆனா பாக்கமாட்டாரு, ஒரு நாள் நான் சாப்பாட்டு மேஜையில குவார்ட்டர்ஸ் வீட்டு ஜன்னல் வெட்டிட்டிருந்தேன், எதிர்ல வந்து உக்காந்தாரு, இன்னொரு கட்டர எடுத்தாரு, ஒரு செவுர இழுத்து வச்சு வெட்ட ஆரம்பிச்சாரு. கத்தி கோட்டுக்கு வெளிய வெளிய போச்சு. மறுநாள் நான் அதே தாள கடையில இன்னொண்ணு பிரிண்ட் எடுத்துட்டு வந்து அதே எடத்துல வச்சேன். அவரும் வெட்டுனாரு. அப்படியே தெனமும். இது உள்ள மடிக்கறதா வெளிய மடிக்கறதாம்பாரு, கோடு விட்டு விட்டு இருந்தா உள்ள, புள்ளி புள்ளியா இருந்தா வெளியம்பேன், எங்க வீட்ல அப்பா பேசற பேச்சே இப்ப அவ்ளோதான். அம்மாக்கு முதல்ல சந்தோஷம், அப்பறம் ஒரு நாள் சமையக்கட்டுல என் காதுகிட்ட வந்து, வேலை முடிஞ்சதும் அந்தக் கத்திய எடுத்து வச்சிடுன்னு சொன்னா. அன்னிலருந்து எடுத்து வைக்கறேன். இன்னிக்கு வச்சேனா? வச்சேன். மேல பீரோவுல. போன் பக்கத்துல இருந்துச்சு, எடுத்து வச்சேன், ஆமா. ஆனா கத்தி இருந்து என்ன, கத்தி இல்லாம என்ன, வெளிய இத்தன தண்டவாளம் இருக்கே, ச்சீ, இத நான் டைப் பண்ணவே இல்லன்னு வச்சுக்கங்க.

ஒரு ஹாரன். நீளமா. அப்படின்னா கேட்டோ வளைவோ வருதுன்னு அர்த்தம், ஒண்ணும் இல்ல. விட்டு விட்டு பதறி பதறி அடிச்சாதான் குறுக்க யாரோ வராங்கன்னு அர்த்தம். ரயில்வே குவார்ட்டர்ஸ்ல பொறந்தவளுக்கு இதெல்லாம் தனியா யோசிக்க வேண்டியதில்ல, தூக்கத்துலயே காது பிரிச்சு எடுத்துக்கும், இன்னிக்கு மட்டும் ஒவ்வொரு ஹாரனுக்கும் டைப் பண்றத விட்டுட்டு அது அடங்கற வரைக்கும் கேட்டுட்டிருக்கேன். அம்மாக்கு சொல்லணும். அம்மா ஆம்பூர்ல ஷூ கம்பெனியில தைக்கறா, உள்ள போனா போன வாங்கி வச்சிடுவாங்க, வேன்ல ஏறுனாத்தான் கையில வரும். அதுவரைக்கும் எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னா என்ன கேப்பா, எதப் பாத்துட்டு போனாருன்னு கேப்பா, நான் என்ன சொல்லுவேன். ரன்னிங் ரூம். இதுவும் லிஸ்ட்ல உண்டு, டிரைவருங்க வெளியூர்ல தூங்கற கட்டடம், யாருமே மாடல் பண்ணதில்ல, ஏன்னா உள்ள யாரும் பாத்ததில்ல. அப்பா சொல்லுவாரு, அதாவது அப்ப சொல்லுவாரு, நீளமான வராண்டா, கயித்துல வரிசையா துண்டு காயும், எந்தத் துண்டு யாருதுன்னு கலர வச்சே தெரியும், பகல்லயும் ஜன்னலுக்கெல்லாம் பச்சைத் துணி, எந்த நேரமும் யாரோ ஒருத்தரு தூங்கிட்டிருப்பாங்க அதனால எல்லாரும் கால் விரல்லயே நடப்பாங்களாம். துண்டு எல்லாம் மெல்லிசு தாள்ல குடுப்பேன், அட்டையில இல்ல, அட்டையில பண்ணா பலகை தொங்கற மாதிரி இருக்கும். அப்பா இத சொல்லும்போது சாப்புட்டுக்கிட்டே சொல்லுவாரு, கையில சோறு காயும். அந்த அப்பா. பிரேக் போட்டா ஒடனே நிக்கற வண்டி இல்ல அதுன்னு அம்மா கிட்ட ஒரே ஒரு தடவ சொன்னாராம், ஹாரன் அடிக்கலாம், பிரேக்க போடலாம், அதுக்கப்பறம் பாக்கறது மட்டும்தான் டிரைவர் வேலைன்னு. பாக்கறது மட்டும்தான். நான் என்ன சொன்னேன் இன்னிக்கு. குனிஞ்சு பாருப்பா.

“ஸ்பைரல் போட எவ்ளோ நேரம் ஆகும்கா?”ன்னு ஒரு காலேஜ் பொண்ணு. பத்து நிமிஷம்னு சொன்னேன். மிஷின்ல ஓட்டை போட்டுக்கிட்டே யோசிக்கறேன், எப்படி எனக்கு தெரியாம போச்சு. அந்த கேட் நம்பர் எங்க வீட்ல சாமி பேரு மாதிரி எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டோம் அவ்ளோதான். எப்படின்னா இப்படித்தான், நம்ம ஆளுங்களுக்குத்தான் இது புரியும். செவுத்த வரையறதுக்கு ஃபோட்டோ வேணும், நேரா நின்னு எடுத்த ஃபோட்டோ, நெழல் இல்லாம, மரம் மறைக்காம, வெயில் மந்தமா இருக்கும்போது. போன வருஷம் லைன் ஓரமா ரோட்டுல ஸ்கூட்டியில சுத்தி சுத்தி பத்து பதினஞ்சு கேட் ரூம எடுத்து வச்சேன், எல்லாம் ஒரே ஃபோல்டர், அப்ப அந்தப் பையன் உயிரோட இருந்தான், அந்த கேட்டும் எல்லா கேட் மாதிரி ஒரு கேட்டு. இப்ப பண்ண உக்காந்தப்ப எது நேரா இருக்குன்னு பாத்தேன், ஒண்ணே ஒண்ணுதான் பளிச்சுன்னு நேரா இருந்துச்சு, எடுத்தேன். அவ்ளோ சந்தோஷம். கோணல சரி பண்ணேன், காவிக் கறைய விட்டு வச்சேன், போர்டு கொஞ்சம் மங்கலா இருந்துச்சு, எண்பத்தேழுல ஒரு பங்கு ஆனா படிக்கவே முடியாதேன்னு பெருசாக்கி பெருசாக்கி, திரை முழுக்க ஒரே ஒரு எழுத்தோட வளைவு மட்டும் தெரியற அளவுக்குப் பெருசாக்கி, கட்டம் கட்டமா கறுப்பு வச்சு, ஓரத்த துடைச்சு, ஒவ்வொரு எழுத்தையும் ரெண்டு ராத்திரி உக்காந்து சுத்தம் பண்ணேன். எழுத்த துடைச்சேன். நம்பர படிக்கல. அது நம்பரா எனக்குத் தெரியவே இல்ல, கறுப்பு கட்டங்களா தெரிஞ்சுது. அப்பாவும்தான், தட்டையா தாள்ல இருந்தப்ப அதே செவுர அவரும்தான் வெட்டுனாரு, ஜன்னல் கம்பிய பாத்தாரு, போர்ட பாக்கல, தாள்ல அது ஒரு செவுரு மாதிரியே இல்ல, ஒரு மஞ்ச கட்டம். மடிச்சு நிக்க வச்சதும்தான் அது எடமா ஆச்சு. அதுவும் தண்டவாளத்துக்கு பக்கத்துல, அதுவும் அவரு சீட்டு ஒயரத்துக்கு குனிய வச்சு. “அக்கா, அட்டைய தலைகீழா போட்டுட்டீங்க”ன்னு காலேஜ் பொண்ணு சொல்லுது. ஆமா. ப்ராஜெக்ட்டோட கடைசிப் பக்கம் முன்னாடி வந்திருக்கு. கழட்டறேன்.

நஸ்ரீன் அக்கா ஸ்பைரல என் கையிலருந்து புடுங்கிட்டா. என்னடி ஆச்சு உனக்குன்னு கேட்டா, ஒண்ணும் இல்லக்கான்னேன், அதுக்கு, முதல்ல ஒரு காது போச்சு, இப்ப தலைகீழ் வேறயான்னா, அப்பறம் என் மூஞ்சிய பாத்துட்டு அந்தப் பொண்ண அனுப்பிட்டு கல்லாப்பொட்டி பக்கத்து ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தா. சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன், போர்டு, குனிஞ்சு பாருன்னது, போன். அக்கா ஆறுதல் சொல்ற ஆளு இல்ல. போகும்போது என்ன போட்டிருந்தாருன்னு கேட்டா. பேண்ட் சட்டன்னேன். வீட்ல இருந்தது? லுங்கி. மாத்திட்டு போனாரா? ஆமாக்கா. “சாகப் போறவன் லுங்கிய மாத்துவானாடி, லூசு.” இத கேட்டதும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, நெஜமா சிரிச்சேன், மூச்சே அப்பதான் வந்துச்சு, அக்காவும் சிரிச்சா, போயி வேலைய பாருன்னா. சரின்னு வந்து உக்காந்து கல்யாண மண்டபம்னு டைப் பண்ணேன். சேலத்துலருந்து கிருபாகரன் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்காரு, வாசல்ல வளைவு, ஜெனரேட்டர் ரூம், எச்சில் எலைத் தொட்டி, பேனர் மட்டும் காலியா விட்டுடுவேன், பொண்ணு மாப்ள ஃபோட்டோ நீங்களே போட்டுக்கலாம், உங்க ஃபோட்டோவும் போட்டுக்கலாம், ஆசைதானே. ஆனா எங்கப்பா லைன் பக்கம் போகணும்னா லுங்கியில போகவே மாட்டாரு. அது எனக்குத்தான் தெரியும், அக்காக்குத் தெரியாது. ஸ்டேஷனுக்கு என்ன வந்து கூட்டிட்டுப் போறதுக்குக் கூட சட்டைய உள்ள விட்டுட்டுத்தான் வருவாரு. தண்டவாளம் பக்கம் போறதுன்னா பேண்ட்டுதான் மாட்டுவாரு. அதான் மாட்டுனாரு.

வீட்டுக்கு ஓடிட்டு வந்தேன், அக்காதான் போய் பாத்துட்டு வாடின்னு ஸ்கூட்டி சாவிய குடுத்தா. பூட்டு தொங்குது. நான் பூட்டுனது. உள்ள போனேன், தட்டு மேல மூடுன தட்டு அப்படியே, போன்ல என்னோட மிஸ்டு கால், யாருக்கு அடிச்சேன்னு எனக்கே தெரியல, வீட்ல கெடக்கற அப்பா போனுக்கு கடையிலருந்து அடிச்சிட்டிருந்திருக்கேன். மேஜையில தண்டவாளம் போட்டு வச்சிருக்கற லேஅவுட்டு மேல கேட் ரூம் நிக்குது. நசுக்கல, தட்டி விடல, ஒதுக்கிக் கூட வைக்கல. அது எனக்கு கோவமா வந்துச்சு, ஒரு தட்டு தட்டியிருக்கலாம்ல, என் மேல எறிஞ்சிருக்கலாம்ல, கத்தியிருக்கலாம்ல. எடுத்து நானே நசுக்கலாம்னு கைய கொண்டு போனேன். அந்த ஜன்னல் கம்பி. முடியல. ரோட்டுக்கு வந்து அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்தேன், ஏலகிரி மலை மட்டும் பேசாம நிக்குது, ஸ்டேஷன் மேம்பாலத்துல ஏறி பாத்தேன், அத்தன லைன், அத்தன வெயில், நீலச் சட்ட போட்டவங்க எல்லாரும் அப்பா மாதிரி தெரியறாங்க, அப்பா எந்தச் சட்ட போட்டுட்டு போனாருன்னே எனக்குத் தெரியல, நான்தான் கூரைய பாத்துட்டிருந்தேனே. யாருகிட்ட கேக்கறது. அவரு கூட வேலை பாக்கறவங்க யாருகிட்டயாவது சொல்லலாம், சொன்னா நாளைக்கு டிரைவர் அருள்நாதன் ஒரு மாதிரி ஆயிட்டாரு, வீட்ட விட்டுப் போயிட்டாரு, இனிமே வண்டி குடுக்கக்கூடாதுன்னு பேச்சாகும், அவரு டூட்டிக்குப் போறேன்னு ஒரு நாள் சொல்லுவாருங்கறதுக்குத்தானே நாங்க எல்லாரும் மூச்ச புடிச்சிட்டு உக்காந்திருக்கோம். கடைக்கே வந்துட்டேன். அம்மா வேன் ஏறுனதும் சொல்லிட வேண்டியதுதான்.

அரைக் கட்டடம்னு ஒண்ணு இருக்கு, அதயும் சொல்லிடறேன், கை எதாவது செஞ்சிட்டிருந்தாத்தான் எனக்கு ஆகும். லேஅவுட்டுக்குப் பின்னாடி செவுரு ஓரமா எடம் இருக்காது, அங்க முழு கட்டடம் வைக்க முடியாது, அதனால முன்பக்கம் மட்டும் பண்ணி, ஒரு விரல் அகலத்துக்கு ரெண்டு பக்கமும் மடிச்சு ஒட்டிடணும், கடைத்தெரு, லாட்ஜு, பஸ் ஸ்டாண்டு எல்லாமே இப்படிப் பண்ணலாம், முன்னாடிலருந்து பாத்தா உள்ள ஆளு இருக்கற மாதிரியே இருக்கும். அப்பா இந்த ரெண்டு மாசமா அப்படித்தான் இருந்தாரு, இல்ல, நான்தான் அப்படிப் பாத்தேனோ என்னவோ. ஜன்னல் நல்லா வெட்டறாரு, கோடு தாண்டல, சாப்புடறாரு, ஆள் தேறிட்டாருன்னு நானே முடிவு பண்ணிட்டேன், எனக்கு ஒரு கூட்டாளி கெடச்சாச்சுன்னு குஷி வேற, அப்பாவ வச்சு எத்தன கட்டடம் முடிக்கலாம்னு மனசுல கணக்கு வேற. அந்தப் பையன் பேரு அப்பாவுக்குத் தெரியும். எங்ககிட்ட சொன்னதில்ல. என் வயசுதான் இருக்கும்னு மட்டும் அம்மா சொன்னா. மூடுன கேட்டுக்கு கீழ குனிஞ்சு டூவீலர தள்ளிட்டு வந்தானாம், தெனமும் எல்லாரும் அப்படித்தான் வருவாங்க, நானே வந்திருக்கேன், அப்பாக்குத் தெரியாது. “நெக்ஸ்ட்டு”ன்னு அக்கா சத்தம் போடறா, ரெண்டு பேரு நிக்கறாங்க போல, நான் ஸ்க்ரீன பாத்துக்கிட்டே சொல்லுங்கன்னேன், ஒருத்தரு ஹால் டிக்கெட் பிரிண்ட்டு, குடுத்தேன், அடுத்து சொல்லுங்கன்னேன். “அட்டையில ஒண்ணு எடுக்கணும்மா.” கெட்டி அட்டையா சாதாவான்னு கேட்டுட்டேன். கேட்டுட்டுத்தான் நிமிந்தேன்.

அப்பா. வரிசையில நின்னு வந்திருக்காரு. சட்ட முதுகோட ஒட்டியிருக்கு, பேண்ட் முட்டி வரைக்கும் செம்மண்ணு, மூஞ்சியெல்லாம் வெயில்ல கறுத்து, ஆனா மூஞ்சி, எப்படிச் சொல்றது, மூஞ்சியில ஆளு இருந்தாரு. எங்க போனப்பான்னு கேக்க வாய தொறந்தா அழுகை வந்துடுச்சு, அக்கா எழுந்து அவ ஸ்டூல அப்பா பக்கம் தள்ளிட்டு, அண்ணே உக்காருங்க, டீ சொல்றேன்னு வெளிய போயிட்டா, டீக்கடைக்கு இவ எப்பவுமே போனது இல்ல, இங்கருந்தே கத்துவா. அப்பா உக்காந்தாரு. கேட் வரைக்கும் போனேன்னாரு. ரோட்டு வழியாத்தான் போனாராம், லைன் மேல நடக்கலன்னு அவரே சொன்னாரு, நான் எதுக்கு பயந்தேன்னு தெரிஞ்ச மாதிரி. அங்க கேட்மேன் முனிரத்தினம்னு ஒருத்தராம், அன்னிக்கும் அவருதான் டூட்டியாம். இத்தன வருஷமா அப்பா அந்த வழியா போகும்போதெல்லாம் பச்சக் கொடி காட்டுன ஆளு, அப்பா கைய காட்டுவாராம், அவரும் காட்டுவாராம், கண் மூடி தொறக்கறதுக்குள்ள போயிடும், பேரு தெரியாதாம், மூஞ்சி கூட சரியாத் தெரியாதாம். இன்னிக்கு போயி நான்தான் அந்த வண்டி டிரைவர்னு சொன்னதும் அந்தாளு அப்படியே நின்னுட்டு, அப்பறம் ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வச்சாராம். இன்ஜின் மேலருந்து குள்ளமா தெரியும், பக்கத்துல நின்னா என்ன விட ஒரு சாண் ஒயரம்னாரு அப்பா. அத சொல்லும்போது லேசா ஆச்சரியமா சொன்னாரு. அப்பறம் கையில பேனாவ வச்சு மூடிய கழட்டி கழட்டி மாட்டிட்டிருந்தாரு.

“அவரும் தூங்கறதில்லையாம் பெனி”ன்னாரு.

தலைய ஆட்டுனேன். ஓடிப்போய் கத்துனாராம் அந்த மனுஷன், கொடிய வச்சு மறிச்சாராம், அந்தப் பையன் காதுல எதயோ மாட்டிட்டிருந்தானாம், அப்பாக்கு இது இன்னிக்குத்தான் தெரியும், அப்பா மேலருந்து பாத்தது வேற, அவரு கீழருந்து பாத்தது வேற, ரெண்டு பேரும் அத சேத்து வச்சு பாத்திருக்காங்க, மத்தியானம் பூரா, நடுவுல நாலஞ்சு வண்டி போயிருக்கு, ஒவ்வொண்ணுக்கும் அவரு எழுந்து போயி கேட்ட மூடி கொடி காட்டிட்டு வந்து, விட்ட எடத்துலருந்து பேசியிருக்காரு. சாப்பாட்ட ரெண்டா பிரிச்சு குடுத்தாராம். புளி சாதம். அப்பா உள்ள உக்காந்து அந்த ஜன்னல் வழியா வண்டி போறத பாத்தேன்னாரு. சரிப்பா, என்ன பிரிண்ட் எடுக்கணும்னு கேட்டேன். அந்த ரூமு இன்னொண்ணு எடு, என் பொண்ணு உங்க ரூம அட்டையில செஞ்சிருக்கான்னு முனிரத்தினத்துகிட்ட சொன்னேன், தனக்கும் ஒண்ணு வேணும்னு கேட்டாருன்னாரு அப்பா. ஃபைல தொறந்தேன், முதல்ல அந்த போர்டுதான் கண்ணுல பட்டுச்சு, இவ்ளோ பெருசா தெரியுது, இத எப்படி நான் பாக்கல, மௌச அங்க கொண்டு போயி, “நம்பர அழிச்சிடறேன்ப்பா, ஒரு நிமிஷம்”ன்னேன்.

“அழிக்காத. அது அவரு ரூமு.”

மௌச எடுத்துட்டேன். நான் இத்தன நேரமா அத ஒரு தப்பா பாத்துட்டிருந்தேன், அதுக்கு முன்னாடி ஒரு நல்ல ஃபோட்டோவா பாத்தேன், அப்பா அந்தப் பையன் செத்த அன்னிலருந்து அத வேற ஒண்ணா பாத்துட்டிருந்தாரு, ஆனா அங்க ஒரு ஆளு தெனமும் புளி சாதம் கட்டிட்டு வந்து உக்காந்திருக்காரு, மழையில வெயில்ல எழுந்து எழுந்து கேட்ட மூடறாரு, அது ஒருத்தரோட ரூமுங்கறது எனக்குத் தோணவே இல்ல. மிஷின் சூடாகி அட்டை வெளிய வந்துச்சு. அக்கா டீயோட வந்தா, அப்பா கையில இருக்கற அட்டைய எட்டிப் பாத்துட்டு, இவ இங்க ஒரு காது ரெண்டு காதுன்னு கஸ்டமருக்கு கண்டபடி எடுத்துக் குடுக்கறா, உங்களுக்கு மட்டும் கரெக்டா வந்துடுச்சாண்ணேன்னா. அப்பா சிரிக்கல, ஆனா டீய வாங்கிட்டு, அவ பழக்கம் அப்படின்னாரு. டூட்டிக்கு எப்ப போவாருன்னு தெரியாது, போவாரான்னே தெரியாது, நான் கேக்கப் போறதும் இல்ல, அம்மாவையும் கேக்க விடமாட்டேன். கடை கட்டர நானேதான் எடுத்து அவரு கையில குடுத்தேன். ஒரு செவுத்த மட்டும் தனியா பிரிச்சு என் பக்கம் தள்ளி வச்சாரு, போர்டு இருக்கற செவுரு. “இத நீ வெட்டு. மத்தத நான் பாத்துக்கறேன்.” இப்ப அவரு வெட்டிட்டிருக்காரு, நான் இன்னும் வெட்டல, அதுக்குள்ள இத உங்களுக்கு டைப் பண்ணி முடிச்சிடலாம்னு பாக்கறேன், லிஸ்ட்ல தண்ணி டேங்க்கும் சிக்னல் கேபினும் பாக்கி, அதெல்லாம் நீங்களே யோசிச்சுக்குவீங்க. எனக்கு உங்ககிட்ட கேக்க வேண்டியது வேற. ஒரு எடத்த அச்சு அசலா செய்யணும்னு உசுர குடுத்து, ஒவ்வொரு கறையையும் விடாம எடுத்து, கடைசியில அங்க ஒரு ஆளு உக்காந்திருக்காருங்கறத மட்டும் பாக்காம விட்டது நான் ஒருத்திதானா, இல்ல உங்களுக்கும் இப்படி ஆயிருக்கா?